அறையின் சுருதி

மார்ச் 2

இரவு பதினொன்றரைக்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரின் ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ முழுவதையும் கேட்டு முடித்தேன். 1969இல் உருவான படைப்பு. நான் கேட்டது 1980இல் பதிவான வடிவம். 32 சுற்று, 45 நிமிடம். முன்பு இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன்.

லூசியர் ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார். பதிவை அதே அறையில் ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கவிட்டு, அந்த ஒலியை மீண்டும் பதிவு செய்கிறார். பிறகு அந்தப் பதிவை, அதற்குப் பிறகு அதன் பதிவை. அறைக்கு இசைந்த அதிர்வெண்கள் சுற்றுக்குச் சுற்று வலுக்கின்றன; இசையாதவை தேய்கின்றன. கடைசியில் பேச்சு கரைந்து அறை மட்டும் பாடுகிறது.

பலர் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் மட்டும் கேட்டுவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்கிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது. சொல் இன்னும் சொல்லாக இருக்கிறதா, சுரமாகிவிட்டதா என்று காது தீர்மானிக்க முடியாமல் தவிக்கும் நடுப்பகுதிதான் இதன் உயிர்.

மார்ச் 3

நண்பர் எழுதியிருக்கிறார்: “இது இயற்பியல் ஆய்வுக்கூடச் சோதனை. இதில் இசை எங்கே?” லூசியரே தன் வாசகத்தில் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். இயற்பியல் உண்மை ஒன்றை நிரூபிப்பதைவிட, தன் பேச்சிலுள்ள சீரின்மைகளைச் சமன்செய்யவே இதைச் செய்வதாகச் சொல்கிறார். அவருக்குத் திக்குவாய். அந்த வாசகத்தைப் படிக்கும்போதே திக்குகிறார். அது பதிவில் கேட்கிறது. அந்தத் திக்கலை அறை மெல்ல மெல்லத் தன் ஓசைக்குள் வாங்கிக்கொள்வதை 45 நிமிடம் உடனிருந்து கேட்டவர் இந்தக் கேள்வியை எழுப்ப மாட்டார். நண்பருக்கு இதையே எழுதினேன்.

மார்ச் 6

நானே செய்து பார்ப்பதென்று முடிவு. கைப்பேசியில் பதிவு செய்து, சிறிய ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டேன். நான்கு சுற்றுக்குப் பிறகும் அறை வரவேயில்லை. குரல்தான் நைந்துபோனது. பிறகே காரணம் தெரிந்தது: கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி எதிரொலியையும் இரைச்சலாகக் கருதி அழித்துக்கொண்டிருந்தது. எதைக் கேட்க உட்கார்ந்தேனோ அதையே கருவி துடைத்துவிட்டது.

தனி ஒலிவாங்கியை மடிக்கணினியில் இணைத்து மறுபடியும் தொடங்கினேன். ஆறாவது சுற்றில் மின்விசிறியின் ஓசை பெருகி எல்லாவற்றையும் விழுங்கியது. நாளை விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

மார்ச் 7

கிடைத்துவிட்டது. 20 சுற்று.

வல்லினம் நிறைந்த ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே எழுதிக்கொண்டேன்: “பூட்டிய கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது, உள்ளே யாரோ மெல்ல முனகும் ஓசை.” மூன்றாவது சுற்றிலேயே ‘ட்ட’வின் முனை மழுங்கியது. ஐந்தில் ‘தட்டி’ என்பது ‘தய்யி’ போலக் கேட்டது. வெடித்து உடனே அடங்கும் ஒலியை அறை நீட்டிப் பூசிவிடுகிறது. ‘ஓசை’யின் சகரம் விசிலாக மாறி எட்டாவது சுற்றுவரை தாக்குப்பிடித்தது. ‘மெல்ல முனகும்’ மட்டும் பத்தாவது சுற்றிலும் அடையாளம் தெரிந்தது. மகரமும் னகரமும் லகரமும் ஏற்கெனவே பாதி இசையாக இருப்பவை. அறை அவற்றை மாற்றத் தேவையே இருக்கவில்லை. வன்மை, மென்மை, இடைமை என்று எழுத்துகளைப் பிரித்த நம் இலக்கணக்காரர்களின் செவியை எண்ணி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொற்களெல்லாம் போன பிறகும் வாக்கியத்தின் தாளம் போகவில்லை. எங்கே மூச்சு விட்டேனோ அங்கே சுரமும் தணிந்தது. 17, 18 சுற்றுகளில்கூட அது நான் பேசிய வாக்கியம்தான் என்று சத்தியம் செய்வேன்.

மார்ச் 8

கணக்குப் போட்டேன். அறையின் நீளம் 3.5 மீட்டர், ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். ஒலி போய்த் திரும்ப 7 மீட்டர் என்பதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 49 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் நிலைக்க வேண்டும். மூன்றாம் மடங்கு 147. என் இருபதாவது சுற்றில் ஓங்கி ஒலிப்பது 148. இத்தனை ஆண்டுகளாக இந்தச் சுருதிக்குள்ளேதான் பேசியும் தூங்கியும் வந்திருக்கிறேன்.

மார்ச் 12

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவேரோஸின் ‘டீப் லிசனிங்’ இசைத்தொகுப்பு. 1988இல், வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்துக்கு அடியில் 14 அடி ஆழத்திலிருந்த கைவிடப்பட்ட நீர்த்தொட்டிக்குள் பதிவு செய்தது. அங்கே ஓர் ஒலி அடங்க 45 வினாடி ஆகுமாம். ஒலிவேரோஸ் அக்கார்டியன், ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் டிராம்போன், பனயோட்டிஸ் குரல். மூவர் வாசிப்பதாகத் தோன்றவே இல்லை. ஒருவர் விட்ட சுரம் தொட்டிக்குள் நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்தவர் அதன்மேல் மெல்லக் கால் வைக்கிறார். அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிவிடும். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கே அந்த இடம் இணங்கும். லூசியரின் அறை பேசியவரைக் கரைக்கிறது. இந்தத் தொட்டி வாசிப்பவருக்குப் பதில் சொல்கிறது.

மார்ச் 15

பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராடிகின் ‘நால்ஜொர்லாக்’. பல ஆண்டுகள் ஏஆர்பி 2500 என்னும் மின்னணு ஒலிக்கருவியான சிந்தசைசரோடும் ஒலிநாடாவோடும் தனியே உழைத்தவர், 2005இல் செல்லோ கலைஞர் சார்ல்ஸ் கர்ட்டிஸுக்காக உருவாக்கியது. எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, கேட்டு, பேசி, நினைவில் நிறுத்திய இசை.

செல்லோவில் ‘ஓநாய்ச் சுரம்’ என்று ஒன்றுண்டு. வாசிக்கும் சுரமும் மரக்கூட்டின் சொந்த அதிர்வும் நெருங்கி மோதும் இடம். ஓசை நடுங்கி உறுமும். கலைஞர்கள் அதற்கு அஞ்சி, தந்தியில் சிறு எடையை மாட்டி அடக்குவார்கள். இங்கே தந்திகள் மட்டுமின்றி, அவற்றைக் கீழே பிடித்திருக்கும் பாகமும்கூட அந்த ஓநாயின் சுருதிக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. ஒதுக்கப்பட்ட சுரமே ஆதார சுரமாகிவிட்டது. எவ்வளவு துணிச்சல், எவ்வளவு கனிவு!

நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் எழும் ஏற்ற இறக்கத்தை நம் பாடநூல்கள் ‘விம்மல்’ என்கின்றன. பள்ளியில் அது வெறும் கலைச்சொல். கர்ட்டிஸின் வில் ஊர்ந்தபோதுதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தவருக்கு மனதார நன்றி சொன்னேன்.

மார்ச் 16

எதிர்ச்சுவர் அலமாரியிலிருந்த புத்தகங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். அதே வாக்கியம், அதே 20 சுற்று. ஒலிவாங்கியை ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை. சுரம் மயிரிழை இறங்கியிருந்தது. தனியாகக் கேட்டால் பிடிபடாது.

மார்ச் 7 பதிவின் இறுதிச் சுற்றையும் இன்றைய இறுதிச் சுற்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 28 விம்மல்.