கூட நாலு ட்யூப் போட்டுக்கலாம்னு சொல்ற டிசைனரும் லீக் ஆகற எக்ஸ்சேஞ்சரும்

பிளான்ட்ல ஒரு திரவத்தோட சூட்டை இன்னொண்ணுக்கு மாத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர் லீக் ஆச்சுன்னா முதல்ல திட்டு வாங்கறது கூலிங் வாட்டர் ட்ரீட்மென்ட் பாக்கறவங்க, அடுத்தது ஷிஃப்ட்ல இருந்த ஆப்பரேட்டர். ட்ராயிங் போட்டவர் பேரு மட்டும் அந்த மீட்டிங்ல வரவே வராது, அவர் எப்பவோ பில் செட்டில் பண்ணிட்டு போயிருப்பாரு. இன்ஸ்பெக்ஷன் வேலைல இருக்கறதால இது எனக்குப் பழகிப்போச்சு, ஆனா உள்ள இருக்கற ட்யூப் கத்தையை, அதாவது பண்டிலை, வெளிய இழுத்துப் பாக்கும்போது நிறைய தடவை தோணறது என்னன்னா, இது ஓட்டை விழணும்னு டேட்டாஷீட்லயே எழுதி வச்சுட்டாங்கன்னுதான். அதுலயும் பெரும்பாலும் எதையும் குறைச்சு வச்சதால வந்த வினை இல்ல, "எதுக்கும் கூட கொஞ்சம் இருக்கட்டும்"னு சேத்ததால வந்த வினை.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் சான் ஓனோஃப்ரே. கலிஃபோர்னியாவுல லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவுல கடற்கரையை ஒட்டி இருந்த அணுமின் நிலையம். அங்க இருந்த ஸ்டீம் ஜெனரேட்டர் பேருக்குத்தான் ஜெனரேட்டர், உள்ள பாத்தா தலைகீழா திருப்பின யு மாதிரி வளைஞ்ச ட்யூப் வச்ச பிரம்மாண்டமான ஷெல் அண்ட் ட்யூப் எக்ஸ்சேஞ்சர், அதாவது ஷெல்லுங்கற வெளிக்கூட்டுக்குள்ள ட்யூப் கத்தை, அவ்ளோதான். எண்பதுகள்ல போட்ட பழசு கால் நூற்றாண்டுக்கு மேல ஓடி தேஞ்சுபோச்சு, அதனால 60 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் கிட்ட புதுசு வாங்கி 2010லயும் 2011லயும் ரெண்டாவது, மூணாவது யூனிட் ரெண்டுலயும் மாட்டினாங்க. மூணாவது யூனிட் மாட்டி ஒரு வருஷம்கூட முழுசா ஓடல, 2012 ஜனவரி 31 அன்னிக்கு ட்யூப் லீக் ஆகி நிறுத்தினாங்க. அப்புறம் ரெண்டாவது யூனிட்டும் ஓடல, மூணாவதும் ஓடல, 2013 ஜூன்ல நிரந்தரமா மூடியே விட்டாங்க. ரெண்டும் சேந்து 2,000 மெகாவாட்டுக்கு மேல!

இத்தனைக்கும் புதுசு எல்லா விதத்துலயும் "நல்லது"தான். பழைய ட்யூப் அலாய் 600ங்கற நிக்கல் கலவை, அது வெடிப்பு விடும்னு உலகத்துக்கே தெரியும், அதனால புதுசுல அலாய் 690 போட்டாங்க. ஆனா 690 சூட்டைக் கடத்தறது கொஞ்சம் கம்மி, அதை ஈடுகட்ட பரப்பு வேணும், வெளி ஷெல் சைஸை மாத்த முடியாது, சரின்னு நடுவுல தாங்கிட்டு இருந்த ஸ்டே சிலிண்டரை எடுத்துட்டு அந்த இடத்துலயும் ட்யூப் சொருகினாங்க. ஒவ்வொரு ஜெனரேட்டர்லயும் 9,350 ட்யூப் இருந்தது 9,727 ஆச்சு. மேல யு வளைவு இருக்கற பகுதில ஸ்டீம் வேகம் எவ்ளோன்னு கணக்கு போட்ட சாஃப்ட்வேர் நிஜத்தைவிட மூணு நாலு மடங்கு கம்மியா காட்டிச்சு. நிஜத்துல அங்க தண்ணியே இல்லாம கிட்டத்தட்ட காஞ்ச ஸ்டீம் பறந்துட்டு இருந்தது. ட்யூப் மேல தண்ணிப் படலம் இருந்தா அதிர்வை அது கொஞ்சம் உள்வாங்கும், அதுவும் போச்சு.

அதிர்வைத் தடுக்க வரிசைக்கு நடுவுல தட்டைப் பட்டைகள் வச்சிருந்தாங்க. வளைவோட தளத்துக்குக் குறுக்கே ட்யூப் ஆடினா பட்டை தடுக்கும், அதே தளத்துக்குள்ள முன்னும் பின்னும் ஆடினா தடுக்கறதுக்கு வெறும் உராய்வு மட்டும்தான். அந்தப் பக்கமா ட்யூப் ஆடவே ஆடாதுன்னு அதுவரைக்கும் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. மூணாவது யூனிட்டோட ஜெனரேட்டரைத்தான் அவங்க இன்னும் துல்லியமா, அளவு பிசகாம பண்ணியிருந்தாங்க, அதனாலயே பட்டைக்கும் ட்யூபுக்கும் இருந்த அழுத்தம் கம்மியாச்சு, பிடிப்பு போச்சு, ட்யூபும் ட்யூபும் மோதித் தேய ஆரம்பிச்சுது. கொஞ்சம் கோணல்மாணலா வந்த ரெண்டாவது யூனிட்ல அந்த மோதல் ரெண்டே ட்யூப்லதான். மூணாவதுல 129 ட்யூபை பிரஷர் டெஸ்ட் பண்ணினதுல 8 தோத்துச்சு. ஃபேப்ரிகேஷன் ஷாப்புல டாலரன்ஸை இறுக்கினா எல்லாம் நல்லதுக்குன்னு பேசறவங்ககிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க.

நம்ம ரிஃபைனரி, ஃபெர்ட்டிலைசர் பிளான்ட்ல இருக்கற சாதா எக்ஸ்சேஞ்சர்லயும் இதே நோய்தான், அளவுதான் சின்னது. ஷட்டவுன்ல பண்டிலை இழுத்து ஜெட் அடிச்சு கழுவிப் போட்டதும் நேரா போயி பேஃபிள், அதாவது ட்யூபைத் தாங்கி திரவத்தைத் திருப்பி விடற ஓட்டைத் தகடு, அது கிட்ட பாருங்க. ட்யூப் நெடுக ஒரே பழுப்பா இருக்கும், பேஃபிள் ஓட்டைக்குள்ள இருந்த இடத்துல மட்டும் அந்தத் தகடு தடிமனுக்கு ஒரு வளையம் பளபளன்னு மின்னும், நகத்தை வச்சு இழுத்தா பள்ளம் தட்டும். இன்னும் மோசமா போயிருந்தா ரெண்டு பேஃபிளுக்கு சரியா பாதில, பக்கத்து ட்யூபைப் பாத்த பக்கம், டைமண்ட் வடிவத்துல தட்டையா ஒரு தேய்மானம் இருக்கும். தண்ணி அரிச்சிருந்தா இப்படி இடம் பாத்து அரிக்காது, கண்ட இடத்துல பள்ளம் பள்ளமா இருக்கும். ஆனாலும் ரிப்போர்ட்ல "கரோஷன்"னு எழுதி, ட்யூபோட ரெண்டு முனையையும் அடைச்சு ப்ளக் அடிச்சு, மூடிடறாங்க. ப்ளக் அடிச்ச ட்யூபும் உள்ள ஆடிட்டேதான் இருக்கும், அது அறுந்து போனா பக்கத்துல இருக்கற நல்ல ட்யூபை அடிச்சு நொறுக்கும், அந்த ட்யூபுக்கும் சேத்து அடுத்த ஷட்டவுன்ல ப்ளக்.

குறுக்க ஓடற திரவத்துக்கு ஒரு வேகம் வரைக்கும் ட்யூப் லேசா நடுங்கிட்டு சும்மா இருக்கும், அந்த எல்லையைத் தாண்டினா ஒவ்வொரு அசைவும் அடுத்த அசைவுக்குத் தீனி போட ஆரம்பிக்கும், அப்புறம் சில வாரம் போதும், சில சமயம் சில நாள். அந்த எல்லை ட்யூபோட இயல்பான அதிர்வெண்ணைப் பொறுத்தது, அதிர்வெண் முட்டுக்கு முட்டு இருக்கற தூரத்தைப் பொறுத்தது. கொடிக்கயிறு நடுவுல ஒரு முட்டுக்கம்பு குடுத்தா ஆட்டம் அடங்குதுல்ல, இங்க இன்னும் ஜாஸ்தி, தூரத்தைப் பாதியாக்கினா அதிர்வெண் நாலு மடங்கு ஆகும். ஆனா சாதாரண பேஃபிள் அமைப்புல திரவம் திரும்பிப் போக வெட்டு விட்ட ஜன்னல் பகுதில இருக்கற ட்யூபுக்கு ஒண்ணு விட்டு ஒண்ணுதான் பேஃபிள் பிடிப்பு கிடைக்கும். அதாவது அந்த ட்யூப் எல்லாம் கால்வாசி அதிர்வெண்ல நிக்குது, அதுவும் திரவம் உள்ள வர்ற குழாய் வாய், அதாவது நாஸில் பக்கம் முதல் இடைவெளி வழக்கமா இன்னும் நீளம். ஜன்னல்ல ட்யூபே வைக்காம விட்டா எல்லா ட்யூபுக்கும் எல்லா பேஃபிளும் பிடிக்கும், நடுவுல கூட முட்டும் குடுக்கலாம். இதுக்கு ஷெல் கொஞ்சம் பெருசாகும், விலை ஏறும், அதனால கொட்டேஷன் ஸ்டேஜ்லயே அடிபட்டுடும். இல்லன்னா தகடே வேண்டாம்னு கம்பிகளால நாலு பக்கமும் பிடிக்கற ராட் பேஃபிள் இருக்கு, 1970ல ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி அவங்க பிளான்ட்ல ட்யூப் அதிர்ந்து அதிர்ந்து போன கடுப்புலதான் அதைக் கண்டுபிடிச்சாங்க. எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கத்தோட டெமா ஸ்டாண்டர்ட் முக்கால் இன்ச் ஸ்டீல் ட்யூபுக்கு 60 இன்ச் வரைக்கும் முட்டில்லாம விடலாம்னு சொல்லுது, அது மேல்வரம்பு, டார்கெட் இல்ல. அதைப் பாத்து 60ஐயே போட்டு அனுப்பற வெண்டர் இருக்காங்க.

அடுத்து ஃபௌலிங் ஃபேக்டர், அதாவது அழுக்கு படியும்னு டிசைன்லயே சேக்கற கூடுதல் தடை. இதுலதான் எனக்குக் கோவமே வரும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சுத்தமான நிலைல வெப்பக் கடத்தல் எண் 1000னு வைங்க, தடை 0.001. அழுக்குக்குன்னு 0.0005 சேத்தா மொத்தம் 0.0015, அதாவது பரப்பு 50 சதவீதம் கூட. இது பாதுகாப்பு மாதிரி தெரியும். நடக்கறது என்னன்னா, புதுசா மாட்டின நாள்ல ப்ராசஸ் ஓவரா குளிருது, ஆப்பரேட்டர் என்ன பண்ணுவாரு பாவம், கூலிங் வாட்டர் வால்வை திருகி மூடறாரு. ட்யூப்ல வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்துல ஓட வேண்டிய தண்ணி அரை மீட்டர்ல ஊருது, மண்ணு படியுது, ட்யூப் சுவர் சூடாகுது, கால்சியம் கார்பனேட் சூட்டுலதான் ஜாஸ்தி படியும் அதனால அதுவும் சேருது, படிவுக்கு அடியில ஆக்ஸிஜன் போகாம குழி விழுது. ஆறு மாசத்துல அழுக்கு ஏறிடுச்சு, பாத்தீங்களா நாங்க சொன்ன ஃபேக்டர் கரெக்ட்டுதான்னு டிசைன் டீம் சொல்லும். இன்னும் சிலர் அடுத்த எக்ஸ்சேஞ்சருக்கு அந்த ஃபேக்டரை ஏத்தியே வைப்பாங்க! வேகத்தை முதல்ல நிர்ணயம் பண்ணி, அப்புறம் மிச்ச பரப்பை யோசிக்கணும், இல்ல ஓட்டம் கம்மியாகும்னு தெரிஞ்சா ரெண்டு சின்ன ஷெல்லா வாங்கி தேவைக்கு ஒண்ணை வால்வு மூடி ஐசொலேட் பண்ணிக்கணும். அப்படி ஐசொலேட் பண்றதா இருந்தா அந்த ஷெல்லுக்கு, அழுத்தம் ஏறினா திறந்துக்கற ரிலீஃப் வால்வு வழி திறந்தே இருக்கணும், இதை விட்டதால 2013ல அமெரிக்காவுல கைஸ்மர்ல ஸ்டாண்ட்பைல மூடி வச்சிருந்த ரீபாய்லர், அதாவது திரவத்தைக் கொதிக்க வைக்கற எக்ஸ்சேஞ்சர், வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க.

இன்னொண்ணு சின்னது, ஆனா அடிக்கடி பாக்கறேன். நிமிர்த்தி வச்ச எக்ஸ்சேஞ்சர், ஷெல் பக்கம் கூலிங் வாட்டர், ட்யூப் 304 ஸ்டெயின்லெஸ். ட்யூப் முனைகளைப் பிடிச்சிருக்கற மேல் தகடு, அதாவது ட்யூப் ஷீட்டுக்குக் கீழ, அவுட்லெட் நாஸில் மட்டத்துக்கு மேல கொஞ்சம் காத்து சிக்கிக்கும். அங்க ட்யூப் நனையும், காயும், நனையும், காயும், குளோரைடு அந்த இடத்துல மட்டும் சேந்து கெட்டியாகிட்டே போகும், 60 டிகிரி தாண்டினா 304 விரிசல் விட்டுடும். தண்ணில குளோரைடு லேபு ரிப்போர்ட்ல நல்லாவே இருக்கும், அதனால யாருக்கும் காரணம் புரியாது. ட்யூப் ஷீட் வழியா காத்து வெளியேற ஒரு சின்ன வென்ட் ஓட்டை போட்டுட்டா பெரும்பாலும் தீந்துது, இல்ல தண்ணியை ட்யூபுக்குள்ள மாத்தணும். ஆர்டர் போடும்போது அந்த ஓட்டைக்கு ஒரு ட்ரில் பிட் செலவுதான், ஓடிட்டு இருக்கறதுல அதைப் போடணும்னா ஷட்டவுன், ஹாட் வொர்க் பெர்மிட், திரும்ப ஹைட்ரோ டெஸ்ட்னு இழுக்கும். அதனால டேட்டாஷீட்லயே தனி வரியா எழுதிடுங்க, ஜெனரல் நோட்ஸ்ல போட்டா வெண்டர் படிக்க மாட்டாரு.