முட்டம் பாறையில் ஒரு வடதுருவத் தீவு

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தால், இப்போதெல்லாம் பிரின்ஸ் லியோபோல்டு தீவுதான் நினைவுக்கு வருகிறது. கனடாவின் வடகோடியில், ஆள் குடியில்லாத தீவு. கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் செங்குத்தாக எழும் பாறைச்சுவர். அதன் விளிம்புகளில் மர் என்னும் கடற்பறவைகள் கூடே கட்டாமல், வெறுங்கல்லில் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. பேரிக்காய் போல ஒரு முனை கூர்ந்த முட்டை.

மூன்று வாரத்தில் குஞ்சு கடலுக்குக் குதித்துவிடும். அதற்குச் சரியாகப் பறக்கக்கூட வராது! கூடவே இறங்குவது அப்பா பறவை, தாய் இல்லை. அப்புறம் வாரக்கணக்கில் அப்பாதான் மீன் பிடித்து ஊட்டும். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை முதன்முதலாகக் கட்டுமரத்தில் ஏற்றிய அன்று, அலை தாண்டும்வரை அப்பா என் அரைஞாண் கயிற்றைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.