சுகர் ஃபைலில் காதுக்கும் ஒரு தாள் வேண்டும்

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் கண்ணின் விழித்திரைக்கு, சிறுநீரில் அல்புமினுக்கு, பாதத்தின் உணர்ச்சிக்கு என்று வரிசையாகச் சோதனைகளை எழுதித் தருவார்கள். காது அந்தச் சீட்டில் பெரும்பாலும் இருக்காது. நோயாளியும் கேட்பதில்லை. கண் மங்கினால் தானே ஓடிவருகிறவர், காது மந்தமானால் “எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறாங்க” என்று வீட்டாரைத்தான் குறை சொல்வார்.

அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 69 வயதுவரை உள்ள 5,140 பேரின் செவித்திறன் விவரங்களை அலசி 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. தாழ்ந்த, நடுத்தர சுருதி ஒலிகளில் கேட்புக் குறைவு சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 21 சதவீதம், இல்லாதவர்களில் 9 சதவீதம். உயர் சுருதியில் 54-க்கு 32. வயது, இரைச்சலில் வேலை, காதைக் கெடுக்கும் மருந்து எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது. ஆனால் இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. சர்க்கரைதான் காதைக் கெடுத்தது என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 2013-ல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேட்புக் குறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றே வந்தது. அதிலும் 60 வயதுக்குக் கீழே தொடர்பு கூடுதல். அதனால் ‘வயசானா அப்படித்தான்’ என்று தள்ளிவிடக்கூடாது.

எப்படிக் கெடுகிறது? உட்காதில் நத்தை வடிவ எலும்பின் பக்கச்சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை உண்டு. உள்ளே இருக்கும் திரவத்தைச் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் பேட்டரி அது. சர்க்கரை உள்ளவர்களின் இறப்புக்குப் பிந்தைய காது எலும்பு ஆய்வுகளில் இந்தக் குழாய்களின் சுவர் தடித்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நடக்கும் அதே கதை. உட்காதுக்கு ரத்தம் வருவது ஒரே கிளைத் தமனி வழியாக, மாற்றுப் பாதை கிடையாது. அங்கே ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யைப் பிறகு 7-க்குக் கொண்டுவந்தாலும் போன கேட்பு திரும்பாது.

முதலில் அடிபடுவது பெரும்பாலும் உயர் சுருதி. உயிரெழுத்துகள் சத்தமாக விழும், ச, த போன்ற மெய்கள் நழுவும். ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் ஒன்றுபோல் கேட்கும். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை என்பதுதான் சரியான அடையாளம். குழந்தைகள் பேச்சிலும் கல்யாண மண்டபத்திலும் முதலில் தெரியும்.

சோதனை சுலபம். முதலில் காதுமூக்குதொண்டை மருத்துவர் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் ஆடியோகிராம், அதாவது செவித்திறன் வரைபடம், பொய் சொல்லும். முந்தின நாள் பட்டாசு, மேளம், ஜெனரேட்டர் பக்கம் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சர்க்கரை இறங்கிக் கவனம் சிதறினால் மெல்லிய ஒலிக்குப் பொத்தானை அழுத்தத் தவறிவிடும். ஒலி புகாத அறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள். காதில் விழுகிற மிக மெல்லிய ஒலி பெரியவர்களுக்கு 25 டெசிபல் வரை இருந்தால் இயல்பு என்பது வழக்கமான கணக்கு. காற்று வழிக் கேட்பு (ஹெட்ஃபோனில்) குறைந்து எலும்பு வழி (காதுக்குப் பின்னால் அதிர்வு வைத்து) நன்றாக இருந்தால் கோளாறு நடுக்காதிலோ குறும்பியிலோ, சர்க்கரைமேல் பழி போடாதீர்கள். ஒரு காது மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தாலும் அப்படித்தான். நரம்பில் கட்டி இல்லை என்று எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்ய வேண்டியிருக்கும். பேச்சுப் புரிதல் சோதனையையும் கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

திடீரென்று, மூன்று நாளுக்குள், ஒரு காது அடைத்ததுபோல் கேட்காமல் போனால் அவசரம். எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பதுதான் பலர் செய்கிற தவறு. ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு. மாத்திரையாகக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். செவிப்பறை வழியாக ஊசி போடும் முறையும் உண்டு என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் காதுக்குள் பட்ஸ், ஹேர்பின் விடக்கூடாது. வீட்டில் தண்ணீர் பீய்ச்சிக் குறும்பி எடுக்கவும் கூடாது. சின்னக் கீறலில் சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் எலும்பு வரை அரிக்கும். சீழோடு தூங்கவிடாத ராத்திரி வலி என்றால் வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றே காட்டுங்கள். சிறுநீரகமும் பலவீனம் என்றால் காதைக் கெடுக்கக்கூடிய ஜென்டமைசின், அமிகாசின் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் காது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

காதுக் கருவி வைப்பவர்கள் செருகுமுனையை ராத்திரி கழற்றித் துடைத்து, காதுக் குழாய் புண்ணாகிறதா என்று வாரம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி மங்கியவருக்குப் புண் வலிக்காது.

முதல் ஆடியோகிராமைச் சுகர் ஃபைலிலேயே வைத்து வருடம் ஒருமுறை ஒப்பிடுங்கள். 5 டெசிபல் வித்தியாசம் சோதனைக்குச் சோதனை வருவதுதான். அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் கேட்பு 10 டெசிபல் மோசமாகியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.