விலை மலிந்த பிஸ்டலும் எண்ணிச் சுடும் தோட்டாவும்

ஒரு கைத்துப்பாக்கியை நம்பலாமா என்று தெரிய வேண்டுமானால் ஐந்நூறு தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள் என்று அமெரிக்கர்கள் தங்கள் வீடியோக்களில் வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஊரில் தோட்டா பலசரக்குச் சாமான்போலப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இந்த யோசனையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஒரு நேரத்தில் எத்தனை தோட்டாக்களைக் கைவசம் வைத்திருக்கலாம், ஆண்டு முழுவதற்கும் எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் இங்கே லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு பதிவாகும். ஆகவே நமக்கான கேள்வி வேறு. கையில் இருக்கும் கொஞ்சம் தோட்டாக்களைக் கொண்டு, விலை குறைந்த ஒரு பிஸ்டலைப் பற்றி எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடியும்? எண்ணிக்கையால் அதிகம் சொல்ல முடியாது என்பதும், சுடும்போது துப்பாக்கி இடையில் சிக்கி நிற்கும்போதெல்லாம் அவசரப்படாமல் நின்று பார்த்தால் ஓரளவு நன்றாகவே சொல்ல முடியும் என்பதும் என் அனுபவம்.

என் லைசென்ஸ் அப்பாவிடமிருந்து வந்தது. கல்லிடைக்குறிச்சியில் அரிசி மில் நடத்திய காலத்தில், நெல் கொள்முதலுக்கான பணத்தை வங்கியிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் தனியே வர வேண்டியிருந்தது. மில் கைவிட்டுப் போன பிறகும் லைசென்ஸ் மட்டும் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியது. ஒன்பது மில்லிமீட்டர் ரகம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது என்பதால், நம் நாட்டில் பிஸ்டல் வாங்குபவர்கள் பெரும்பாலும், குழல் அளவை அங்குலத்தில் குறிக்கும் .32 ரகத்தில்தான் வந்து நிற்பார்கள். அதிலும் சாதாரண மக்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியை வரவழைக்கப் பல பத்தாண்டுகளாக வழியில்லை. எனவே கைமாறிக் கைமாறி வரும் பழைய சீமைத் துப்பாக்கிகளுக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும் உள்நாட்டுத் தயாரிப்பு ஒன்றை நான் வாங்கினேன். செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. என் கைக்கு வந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அதை வைத்து ஒரு தொழிற்சாலைக்கு நற்சான்றோ அவப்பெயரோ கொடுப்பது முறையாகாது.

.32 தோட்டா 1899-ஆம் ஆண்டையொட்டி ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை அதைத் தன் பிஸ்டல்களுக்காகச் செய்து பரப்பியது. திருநெல்வேலிச் சீமையில் பிஸ்டல் என்று வாயெடுத்தால் பேச்சு மணியாச்சிக்குப் போகாமல் இருக்காது. 1911 ஜூன் 17 அன்று அந்த ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பிரௌனிங் பிஸ்டலால்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்தச் சிறு ரகத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வேலைசெய்யும் அடிப்படை அதிகம் மாறவில்லை. குண்டு பாயும் குழலான பேரல் அசையாமல் நிற்கும். அதைப் பூட்டி வைக்கத் தனி அமைப்பு கிடையாது. பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விசையும் மட்டுமே வெடிப்பின் உதைப்பைத் தாங்கி, குண்டு வெளியேறிய பிறகே ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகும்படி பார்த்துக்கொள்ளும். இப்படி உறுப்புகள் குறைவாக இருப்பதால்தான் இதை மலிவாகவும் செய்ய முடிகிறது. ஆனால் தோட்டாவின் வேகம், ஸ்லைடின் எடை, ஸ்பிரிங்கின் விசை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயாக வேண்டும். மலிவான துப்பாக்கியில் கைவைக்கப்படுவது இந்த ஒத்திசைவில்தான்.

துப்பாக்கியின் மேல் குத்தப்பட்டிருக்கும் சோதனை முத்திரையைக் காட்டி, “அரசாங்கமே பரிசோதித்துக் கொடுத்ததை நாம் என்ன சோதிப்பது?” என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டபோது பேரலும் ஸ்லைடும் வெடிக்காமல் தாங்கின என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை சாட்சி. எட்டாவது தோட்டா ஒழுங்காக ஏறுமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சுடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. புதிய துப்பாக்கி வரும்போது துருப்பிடிக்காமலிருக்கத் தடித்த கிரீஸ் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் சுட்டால், தோட்டாவைக் குத்தும் ஊசி ஓடும் துளைக்குள் கிரீஸ் அடைந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மேல் விழும் அடி மந்தமாகிவிடும். தோட்டாக்களை அடுக்கும் டப்பாவான மேகசினிலிருந்து தோட்டா அறைக்குள் ஏறிப் போகும் சரிவை டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்குவாட்டில் அரத்தின் கோடுகள் அப்படியே இருந்தன. வெட்டுக்கருவி விட்டுப் போன அந்தத் தடத்தைத் தேய்த்து எடுக்க யாரும் நேரம் செலவிடவில்லை. விலை குறைந்ததன் கணக்கு அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்து, ஸ்லைடு ஓடும் தடத்தில் பசையாகப் படிந்துவிடும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

நான் சுடப் போவது ரைபிள் கிளப்பின் இருபத்தைந்து மீட்டர் தளத்துக்கு. அங்கே பொறுப்பில் இருப்பவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். துப்பாக்கி சிக்கியவுடன் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு மீண்டும் சுடுவது பயிற்சி பெற்றவர்களின் கைப்பழக்கம். சண்டைக்கு அது சரி. சோதனையில் அப்படிச் செய்தால் சாட்சியத்தை நாமே கலைத்துவிடுகிறோம். விரலை டிரிகரிலிருந்து எடுத்து, முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, எது எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மேகசின்களில் ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு வெள்ளையுமாகப் பெயின்ட் பொட்டு வைத்து, ஒவ்வொரு குண்டும் எந்த மேகசினிலிருந்து எத்தனையாவதாகச் சென்றது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இந்தக் குறிப்புதான் பிற்பாடு பேசியது. முதலில் பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிக்குவதுபோல்தான் தோன்றியது. நோட்டைப் புரட்டியபோது, தோட்டா ஏறாமல் நின்றவை அனைத்தும் சிவப்புப் பொட்டு மேகசினில், அதுவும் கடைசித் தோட்டாவிலோ அதற்கு முந்தியதிலோ நடந்திருந்தன. மேகசின் ஸ்பிரிங் நிறைந்திருக்கும்போது அதிகமாக அழுந்தியும், காலியாக ஆக விரிந்தும் போகும். கடைசித் தோட்டாவைத் தூக்கும்போதுதான் அதன் விசை மிகக் குறைவு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள் தோட்டா மேலே வந்து சேராது. ஸ்லைடு அதன் பின்புறத்தைப் பிடிக்காமல் நடு உடம்பில் முட்டி நிற்கும். சிக்கி நின்ற தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். பித்தளை உறையின் வயிற்றில் பிறைபோல ஒரு பள்ளம், ஸ்லைடின் விளிம்பு பதிந்தது. சரிவில் மூக்கு இடித்திருந்தால் அந்தக் காயம் குண்டின் முனையில் இருந்திருக்கும். முனை வழவழவென்று இருந்தது. நான் சந்தேகப்பட்ட அரத்தின் கோடுகள் குற்றமற்றவை என்று அந்தப் பள்ளமே தீர்ப்புச் சொன்னது.

“துப்பாக்கிய ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி, அது டப்பாவுல உள்ள கோளாறு” என்றார் அண்ணாச்சி. தோட்டாக்களை மாற்றாமல் வெள்ளைப் பொட்டு மேகசினில் போட்டுச் சுட்டபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

.32 தோட்டாவுக்கு உரிய இன்னொரு தொல்லையை மேகசின் நிரப்பும்போதே தவிர்த்துக்கொள்ள வேண்டும். இதன் அடிவிளிம்பு உறையைவிடச் சுற்றிலும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொண்டதுபோல் பூட்டிக்கொள்ளும், மேகசினைக் கழற்றி அவிழ்க்காமல் விடுபடாது. எனக்கு இது நேரவில்லை. நிரப்பும்போது ஒவ்வொன்றையும் பின்சுவர்வரை தள்ளி, கண்ணால் சரிபார்ப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

டிரிகரை இழுத்தும் வெடிக்காமல் போனதும் உண்டு. அப்போது உடனே ஸ்லைடை இழுப்பது ஆபத்து. மருந்து தாமதமாகப் பற்றக்கூடும் என்பதால், முனையை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்து பிரைமரைப் பார்த்தேன். ஊசியின் தடம் நடுவில் விழுந்திருந்தது, ஆனால் ஆழமில்லை. அதற்கு முன்னும் பின்னும் வெடித்த காலி உறைகளில் தடம் ஆழமாகவும் உருண்டையாகவும் இருந்தது. ஊசியோ அதன் ஸ்பிரிங்கோ பழுதென்றால் அண்டை உறைகளிலும் தடம் மெலிந்திருக்கும். பிரைமர் தன் குழிக்குள் முழுதாக இறங்காமலிருந்தால் முதல் அடியின் விசை அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடிக்கு வெடித்துவிடும். இதுவும் அப்படியே இரண்டாவது அடிக்கு வெடித்தது. இதைத் தோட்டாவின் கணக்கில் எழுதினேன். காலி உறைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் செய்தி, இலக்குத் தாளைப் பார்ப்பதில் கிடைப்பதைவிட அதிகம் என்பேன். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக ஒலித்தால் மட்டும் எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். குண்டு பேரலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அடுத்த குண்டு அதன் பின்னால் போய் மோதினால் பேரல் வீங்கும் அல்லது பிளக்கும். துப்பாக்கியை வெறுமையாக்கி, பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு சுட வேண்டும்.

காலி உறை வெளியேறும் வழியில் குத்துக்கல்லாக மாட்டிக்கொள்வதும் சில தடவை நடந்தது. அண்ணாச்சியின் ஒப்புதலோடு வேண்டுமென்றே மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்துச் சுட்டேன். அதே சிக்கல் மறுபடி வந்தது. இறுக்கிப் பிடித்தபோது வரவில்லை. கை பின்னுக்கு ஓடினால் ஸ்லைடு ஓட வேண்டிய தூரம் முழுதாக ஓடுவதில்லை. ஆனால் இதைச் சுடுபவனின் குறை என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கொஞ்சம் தளர்வான பிடிக்கும் இடம்கொடுப்பது நல்ல துப்பாக்கியின் இலக்கணம். இந்தத் துப்பாக்கி இடம் கொடுக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வெள்ளைப் பொட்டு மேகசினில் சிக்கலின்றி ஐம்பது குண்டுகள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அது நம்பகமான துப்பாக்கி என்று சொல்லிவிடலாமா? சராசரியாக ஐம்பதுக்கு ஒன்று சிக்கும் துப்பாக்கிகூட, ஐம்பதையும் தடங்கலின்றிச் சுட்டுவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. புள்ளியியலாளர்கள் ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: ஒரு குறையும் இல்லாமல் இத்தனை தடவை நடந்தது என்றால், மூன்றை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், உண்மையான குறைவிகிதம் அதற்கு உள்ளேதான் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் நம்பலாம். ஐம்பதுக்கு அது ஆறு சதவீதம். முந்நூறு சுட்டால்தான் ஒரு சதவீதத்துக்கு இறங்கும். நம் லைசென்ஸ் அளவுக்கு அந்த முந்நூறு வெகுதூரம். “நூறு சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை” என்று கிளப்பில் மார்தட்டுபவர்களை நான் மறுப்பதில்லை. அந்த நூறு எந்த மேகசினில், எந்தப் பெட்டித் தோட்டாவில், எண்ணெய் போட்டு எத்தனை நாளில் என்று மட்டும் கேட்பேன்.

கடைசியாகச் சொன்ன எண்ணெய்க்கு இங்கே கூடுதல் காரணம் உண்டு. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. பொட்டல்வெளியில் இருக்கும் தளத்துக்குப் புழுதியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. எண்ணெய் அதிகமாகப் பூசிய துப்பாக்கி அந்தப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே காற்றுக் காலத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மினுக்கம் மட்டும் தெரியும் அளவில் வைத்துச் சுட்டேன், வித்தியாசம் தெரிந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்படிக் கொடுத்து வைத்திருந்து, முடிவுகள் வந்த பிறகு திரும்ப வாங்கியவுடன், பழைய குறிப்புகளை நம்பாமல் மறுபடி கழற்றித் துடைத்து, ஒரு மேகசினாவது சுட்டுப் பார்ப்பது நல்லது.

சரிவிலுள்ள கோடுகளை நானே உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடலாம் என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். கோணம் சற்று மாறினாலும் தோட்டா ஏறும் வழி கெட்டுவிடும். தவிர, துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிவப்புப் பொட்டு மேகசினின் ஸ்பிரிங்கை மாற்ற உரிமம் பெற்ற ஆர்மரரிடம் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும், மீதமிருக்கும் தோட்டாக்களில் ஒரு பாதியை முழுக்க அந்த மேகசினின் கடைசி இரண்டு இடங்களைச் சோதிக்கவே ஒதுக்குவதாக உத்தேசம்: ஒவ்வொரு முறையும் இரண்டே இரண்டு தோட்டாக்களைப் போட்டு.