சாய்ஸில் விட்ட பாடம்

பள்ளி நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பி போனில் கூப்பிட்டு, "அண்ணா, ஹாஸ்டல் சாம்பார், ஸ்போர்ட்ஸ் டே, ஹெட்மாஸ்டர் பிரம்பு, இந்த மூணும் வேண்டாம். போன மலர்லயே நிறைய வந்துடுச்சு" என்றார். அந்த மூன்றையும் கழித்துவிட்டால் என் பள்ளி வாழ்க்கையில் மிச்சம் ஒரே ஒரு பாடம்தான். அதையும் நடத்தாமல் விடத்தான் பார்த்தார்கள்.

1987. பிளஸ் டூ, தமிழ் மீடியம், கோத்தகிரிக் குளிர். முதல் இரண்டு மாதம் எங்களுக்கு விலங்கியல் எடுத்தவர் நல்ல மனிதர். போர்டில் தவளை வரைந்தால் அது குதித்துவிடுமோ என்றிருக்கும். பரிணாமப் பாடம் வந்த அன்று மட்டும் புத்தகத்தில் கொத்தாகப் பக்கங்களைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினார். "இது வேண்டாம்பா. சாய்ஸ்ல விட்டுக்கலாம்." ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. சாய்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் பையன்களுக்கு வேறு கேள்வியா வரும்?

காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஹட்டிகளிலிருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், ஜெபவீட்டுக்காரர்கள், கடைவீதி முஸ்லிம் பையன்கள், அப்புறம் எங்களைப் போல 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்கள். முந்தைய வருடம் யாரோ ஒரு பெற்றோர், "எங்க பிள்ளைக்குக் குரங்கு பாடமெல்லாம் வேண்டாம்" என்று வந்து சத்தம் போட்டிருக்கிறார். அதோடு அந்தப் பக்கங்களுக்கு மௌன விரதம்.

ஆகஸ்டில் அவர் மாற்றலாகிப் போய்ப் புதிய சார் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். மப்ளரும் குல்லாயும் கழற்றாமலே முதல் வாரம் முழுக்கப் பாடம் எடுத்தார். புத்தகத்தைப் புரட்டி, "இது ஏன் அடிக்கோடு இல்லாம சுத்தமா இருக்கு?" என்றார். சாய்ஸ் என்றோம். "மார்க்கை சாய்ஸ்ல விடலாம்லே, தாத்தனை எப்படி விடுவ?" என்று சொல்லி அன்றே ஆரம்பித்துவிட்டார்.

டார்வினுக்கு முந்தைய பிரெஞ்சு விஞ்ஞானி லாமார்க்கிலிருந்து தொடங்கினார். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது, நீண்ட கழுத்து குட்டிக்கும் வந்தது என்பது லாமார்க் சொன்னது. அதைத் தப்பென்று காட்ட வைஸ்மன் என்ற ஜெர்மன்காரர் தலைமுறை தலைமுறையாக எலி வாலை வெட்டிப் பார்த்ததும், குட்டிகள் வாலோடுதான் பிறந்ததும் புத்தகத்தில் இருந்தது. சார் அந்த எலியை விட்டுவிட்டார். "எங்க ஊர்ல பாட்டிமாருக்குக் காது தோள் வரைக்கும் தொங்கும். பாம்படம் போட்டு இழுத்து வளர்த்த காது. எத்தனை தலைமுறை! எந்தப் பிள்ளையாவது தொங்கு காதோட பிறந்துச்சா? காது குத்தின அம்மாவுக்கு ஓட்டை விழுந்த காதோட பிள்ளை பிறந்தா, ஆசாரிக்கும் மாமனுக்கும் காதுகுத்துல என்ன வேலை?" வகுப்பே சிரித்தது. முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் டார்வின். எல்லாக் குட்டியும் ஒன்றுபோல் பிறப்பதில்லை, பிறக்கிற அத்தனையும் பிழைப்பதில்லை, பிழைத்ததன் சாயல்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இவ்வளவுதான் இயற்கைத் தேர்வு. "இதுல கஷ்டமே இல்லை, ஆனா ஒத்துக்கத்தான் கஷ்டம்" என்றார்.

என் பெஞ்சுக்காரனுக்குப் பட்டப்பெயர் குட்டி ஐயர். சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள். இவனுக்கு ஆதியாகமம் மனப்பாடம் என்பதால் அந்தப் பெயர். எழுந்து நின்றான். "சார், இது வேதத்துக்கு விரோதம் இல்லையா?" சாரும் அதே சபைக்காரர்தான், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். அவர் முகம் மாறவே இல்லை. "ஞாயித்துக்கிழமை நானும் அங்கதான் இருப்பேன், அங்க வந்து கேளு. இன்னைக்கு திங்கக்கிழமை." அது மழுப்பல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டு நாளையும் வாழ்ந்த மனுஷன், எந்த நாளில் எதைப் பேசுவது என்பதில் கறாராக இருந்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மச்சம், கூர்மம், வராகம், நரசிங்கம், வாமனம். முதல்ல மீனு, அப்புறம் ஆமை, பன்றி, பாதி மனுசன், குட்டை மனுசன். வெள்ளைக்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சோ?" என்றார். மறுநாள் இதைப் பெருமையாக வகுப்பில் அவிழ்த்தேன். சார் யோசித்தார். "வரிசை அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா பெருமாள் மீனா வந்தார், போனார். ஆமையா வந்தார், போனார். மீனோட பிள்ளை ஆமை ஆகலை. டார்வின் சொல்றது பிள்ளை குட்டி கதை." தாத்தாவிடம் திருப்பிச் சொன்னேன். "வாத்தியார் வெவரமான ஆளுதான்" என்று துப்பிவிட்டு வந்தார். மத நிந்தனை, சண்டை எதுவும் எங்கள் லைனில் நடக்கவில்லை.

பள்ளியில் நடந்தது. இந்த முறை இரண்டு பெற்றோர் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் அறைக்குச் சார் அரசாங்கம் அச்சிட்ட பாடத்திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார், அதைப் பிரித்து மேஜையில் வைத்தார், திரும்பி வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் பாடம் தொடர்ந்தது. கதவை மட்டும் சாத்திக்கொண்டு.

ஊட்டிக்கு எங்களை அழைத்துப் போனது அந்தப் பாடத்துக்காகத்தான், ஆனால் கடிதத்தில் 'தாவரவியல் சுற்றுலா' என்று எழுதினார். சேரன் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் வாந்தி. 1848-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் எல்லாரும் புல்வெளியைப் பார்த்து ஓடினோம். சார் எங்களை மடக்கிக் கல்மரத்தின் முன் நிறுத்தினார். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்த மரத்துண்டு. பார்த்தால் மரம், பட்டை மாதிரி வரி, வைரம் பாய்ந்த நிறம். தட்டினால் கல். மரத்தின் நார் இருந்த இடத்திலெல்லாம் தண்ணீரோடு வந்த சிலிக்கா துளித் துளியாகப் புகுந்து, மரம் போய் அதன் அச்சு மட்டும் கல்லாக நின்றுவிட்டது. வயது 2 கோடி ஆண்டு.

குட்டி ஐயர் மற்றவர்களைப் போலத் தட்டிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே நின்றான். ஆஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் 1650-இல் கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று முடிவு கட்டியதையும், அந்த ஆண்டுக் கணக்கை ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிட்டு வந்ததையும் சார் அங்கேதான் சொன்னார். குட்டி ஐயர் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அவனும் வாந்தி எடுத்திருக்கலாம், அது வேறு விஷயம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு சோலை ஓரமாகச் சார் இன்னொன்றும் காட்டினார். தவிட்டுப்பழச் செடியில் ஒரு சிரிப்பான் கூட்டம், கெக்கெக்கே என்று கத்தல். நெஞ்சு செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. "கொடைக்கானல்ல இதே பறவைக்கு நெஞ்சு சாம்பல் நிறம்" என்றார். நடுவே பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். நமக்கு ஒரு மணி நேர பஸ். குளிரும் சோலையும் இல்லாமல் வாழாத பறவைக்கோ அது கடல். தீவுக்குத் தீவு பறவை மாறியிருந்த காலபாகஸ் தீவுகளுக்கு டார்வின் கப்பலில் போனார், நீங்கள் தீவிலேயே பிறந்திருக்கிறீர்கள் என்றார். 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் இந்த மலைச் சிரிப்பான்களின் மரபணுவைப் பார்த்து, மற்ற சிரிப்பான்களிலிருந்து பிரித்து மான்டிசிங்க்லா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று சாருக்குப் போன் செய்யத் தேடினேன். அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

இங்கிலாந்துக்கு நான் வந்தது 2001-இல். முதல் சம்பளத்தில் கைக்கு வந்த பத்துப் பவுண்டு நோட்டின் பின்புறம் தாடியோடு ஒருவர். கோத்தகிரியில் சாய்ஸில் விடப்பட்டவர் இங்கே நோட்டில்! இந்த நாடு அவரை வணங்கியே வந்திருக்கிறது என்று நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் அவர் பட்ட பாடு தெரிந்தது.

பாதிரியாராகத்தான் போயிருக்க வேண்டியவர். கேம்பிரிட்ஜில் படித்ததே அதற்காக. 1831-இல் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் ஏறி 1836-இல் இறங்கினார். விஷயம் இரண்டு மூன்று வருடத்தில் மனதில் உருவாகிவிட்டது, ஆனால் புத்தகம் வந்தது 1859-இல். அதுவும் மலேயத் தீவுகளிலிருந்து வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அதே கருத்தை எழுதிக் கடிதம் அனுப்பியதால் வந்த அவசரம். 1858 ஜூலை 1-இல் லண்டனில் லின்னேயன் அறிவியல் கழகத்தில் இருவர் எழுத்தும் படிக்கப்பட்டபோது இருவருமே அங்கு இல்லை. வாலஸ் கடல் கடந்து இருந்தார். டார்வின் வீட்டில் மூன்று நாள் முன்பு கைக்குழந்தை இறந்திருந்தது.

கென்ட்டில் அவர் வாழ்ந்த டவுன் ஹவுஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். தோட்டத்துக்குப் பின்னால் அவர் தினமும் சுற்றிய மண்பாதை இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மனைவி எம்மாவின் கதை. பக்தியுள்ள பெண். கல்யாணமான புதிதில், உங்கள் கேள்விகள் நம்மை நிரந்தரமாகப் பிரித்துவிடுமோ என்ற பயத்தில் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் அதைக் கடைசிவரை வைத்திருந்தார். நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே குறித்தும் வைத்தார். விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் போர் என்றால் 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் டார்வின் பக்கம் பேசிய விஞ்ஞானி ஹக்ஸ்லியும் மோதியதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இந்தக் கடிதம்தான் பெரிது.

உயிரினங்களின் தோற்றம் நூலைக் கடைசியில் பொறுமையாகப் படித்தபோது ஓரிடத்தில் துள்ளிவிட்டேன். தீபகற்ப இந்தியாவின் தனித்து நிற்கும் மலைத்தொடர்களிலும் இமயத்திலும் ஒன்றுபோன்ற செடிகள் இருக்கின்றன, இடையிலுள்ள வெப்பச் சமவெளியில் இல்லையே, எப்படி என்று கேட்கிறார். நம்ம காட்டுப் பூவரசு ஞாபகம் வந்தது. ரோடோடென்ட்ரான். அதன் சொந்தக்காரர்கள் இமயமலையில். பனியூழிக் குளிரில் மலைச் செடிகள் சமவெளிக்கு இறங்கின, சூடு திரும்பியதும் அவரவர் மலைக்கு ஏறிக்கொண்டன என்பது டார்வினின் விளக்கம். பள்ளிக்கூடம் போகும் வழியில் நாங்கள் பூப்பறித்த மரம்! அந்தப் புத்தகத்தைத்தான் எங்களுக்கு வேண்டாம் என்று வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். டென்னசியில் 1925-இல் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம். உலகமே அந்த வழக்கைப் பார்த்துச் சிரித்தது. சிரித்து என்ன? புத்தகம் போடுகிறவர்கள் சத்தமில்லாமல் பரிணாமத்தைச் சுருக்கினார்கள், பல வருடம் அப்படியே ஓடியது. அந்தச் சட்டம் நீங்கியது 1967-இல். எங்கள் ஊரில் வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை. ஒரே புரட்டில் வேலை முடிந்தது. அதனால்தான் 2023-இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்ததும், 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்ததும் செய்தியாக வந்தபோது, எனக்கு அந்த முதல் சாரின் கட்டைவிரல்தான் கண்ணில் நின்றது. பாடச்சுமையைக் குறைக்க என்றார்கள். அவரும் எங்கள் சுமையைக் குறைக்கத்தான் புரட்டினார், பாவம்.

என் பிழைப்பே இப்போது இந்தப் பாடத்தில்தான். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. கிருமி வளர்ந்த தட்டில் மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத ஒரு வட்டம் விழும். சில தட்டுகளில் வட்டமே விழாது, வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நிற்கும். மெத்திசிலின் என்ற மருந்து இந்த நாட்டில் வந்தது 1959-இல், டார்வின் புத்தகத்துக்குச் சரியாக நூறு வருடம் கழித்து. அதற்கு அடங்காத கிருமியை 1961-லேயே கண்டுவிட்டார்கள். இரண்டே வருடம். பிழைத்தது பெருகியது. யாரும் அதை சாய்ஸில் விட முடியவில்லை.

2023 மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பேத்தி பத்தாம் வகுப்பு, நம்ம மாநிலப் பாடத்திட்டம். புத்தகத்தை வாங்கி அவசரமாகப் புரட்டினேன். 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' இருந்தது, அதில் திருவக்கரைக் கல்மரமும் இருந்தது. பக்கமெல்லாம் பேனாவில் அடிக்கோடு. மனசு நிறைந்தது.

குட்டி ஐயர் இப்போது நிஜ ஐயர். குன்னூர்ப் பக்கம் ஒரு சபையில் போதகர், தலை முழுக்க நரை. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் என்னையும் தன் மகள் வயிற்றுப் பேரனையும் இழுத்துக்கொண்டு நேரே கல்மரத்துக்குத்தான் போனான். இரண்டாம் வகுப்புப் பையன். "ரெண்டு கோடி வருசம்டா" என்று தாத்தாவே சொன்னான், குரல் கூடத் தணியவில்லை. பையன் விரலை மடக்கிப் பார்த்து, முடியாமல், "தாத்தா, அப்போ ஆதாம் இதைப் பார்த்திருப்பாரா?" என்றான்.

குட்டி ஐயர் என்னைப் பார்த்தான். "லண்டன் தாத்தாகிட்ட கேளு. நான் போய் கேரட் வாங்கிட்டு வர்றேன்" என்று கூட்டத்துக்குள் நழுவிவிட்டான்.

பையன் என் பக்கம் திரும்பினான். ஆதாமை எப்படியும் அவன் தாத்தாவிடம்தான் கேட்டாக வேண்டும். நான் குந்தி உட்கார்ந்து, "ஏன் தம்பி, உங்க அம்மாவுக்குக் காது குத்தியிருக்கா?" என்று ஆரம்பித்தேன்.