நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும்

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். ஞாயிறு என்பதால் கடையில் எனக்கு அரை நாள்தான் வேலை. சாப்பிட்ட கையோடு புதுச்சேரி பஸ் ஏறினேன். ஆல்பேட்டை வரை நின்றுகொண்டுதான் வந்தேன். புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் பாதி பஸ் இறங்கிவிட்டது. எதற்கு இறங்குகிறார்கள் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோர சீட் கிடைத்தது.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைக் கிளறி ஐந்து எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ் துப்பறியும் கதைகள். முந்நூறு கேட்டார், இருநூற்று ஐம்பதுக்கு முடிந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டு கடையில் மாதாமாதம் பாக்கெட் நாவல் வாங்குவார். விவேக்-ரூபலா, பரத்-சுசீலா என்ற துப்பறியும் ஜோடிகள் எல்லாரும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் நான். பெரிய படிப்பாளி எல்லாம் இல்லை.

மே 7, புதன்

'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' முடித்தேன். 1920இல் வந்த புத்தகம்; அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், அவருடைய துப்பறிவாளர் பாய்ரோ முதலில் தலைகாட்டுவதும் இதில்தான். தொடக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே புரியாமல் கொஞ்சம் இழுத்தது. ஒரு பெரிய வீடு, பணக்காரக் கிழவி, சுற்றிலும் சொத்துக்குக் காத்திருப்பவர்கள். நம் ஊரில் பார்க்காததா?

விஷம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ட்ரிக்னின். நம் எட்டிக்கொட்டையில் இருக்கிற சமாச்சாரம். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்கிறோமே, அதே எட்டி. ஹோமியோபதிக் கடையில் நக்ஸ் வாமிகா என்று கேட்டு வாங்குவதும் அதிலிருந்து வருவதுதான். கதையின் முடிச்சு, டானிக் பாட்டிலின் அடியில் என்ன படிகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். துப்பு கதையின் நடுவிலேயே, சும்மா பேச்சுவாக்கில் வந்து போகிறது. டி.ஃபார்ம் படித்துவிட்டு இருபது வருடமாக மஞ்சக்குப்பத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். ஒவ்வொரு சஸ்பென்ஷன் பாட்டிலைக் கொடுக்கும்போதும் 'நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிங்கம்மா' என்று வாய் தானாகச் சொல்கிறது. எனக்கே உறைக்கவில்லை! தோற்றுப்போனதில் அப்படி ஒரு சந்தோஷம்.

கிறிஸ்டி அம்மாள் முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மருந்துத் துறைப் பத்திரிகை ஒன்றே இந்த நாவலைப் பாராட்டி எழுதியிருக்கிறது. எழுதாமல் எப்படி? நம்ம ஆள்.

மே 11, ஞாயிறு

இரண்டாவது புத்தகத்தைத் தொண்ணூறாம் பக்கத்தில் மூடிவிட்டேன். பெயர் வேண்டாம். குடிக்கிற கதாநாயகி, அவளுக்கு ஞாபக மறதி, போலீஸ் நம்பாது, புருஷன் ரொம்ப நல்லவன். புருஷன் ரொம்ப நல்லவன் என்றால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது? கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவன்தான்.

மே 14, புதன்

'தி சைலன்ட் பேஷன்ட்'. 2019இல் வந்து சக்கைப்போடு போட்ட நாவல். அலிசியா என்ற ஓவியர் தன் கணவனை ஐந்து முறை சுடுகிறாள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவளைப் பேச வைக்கிறேன் என்று தியோ என்ற மனநல சிகிச்சையாளர் வருகிறார். முதல் அத்தியாயத்தில் பிடித்தது, இரவு ஒரு மணிக்குத்தான் விட்டது. ஓட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் படித்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோதே கேள்விகள் வந்துவிட்டன. இந்த மனிதர் நோயாளியின் சொந்தக்காரர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறார், ஆஸ்பத்திரியில் யாரும் பெரிதாகத் தடுக்க மாட்டேன் என்கிறார்கள். சரி, அதற்கும் கடைசியில் ஒரு காரணம் கிடைக்கிறது என்று வையுங்கள். அலிசியாவின் நாட்குறிப்பைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அவன் இப்படிச் சொன்னான், நான் சிரித்தேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான் என்று பக்கம் பக்கமாக உரையாடல். நாட்குறிப்பை யார் இப்படி எழுதுவார்கள்? என் போன வருட டைரியில் ஜூலை மாதம் முழுக்க 'வெயில். வியாபாரம் பரவாயில்லை' என்றுதான் இருக்கிறது.

இதை அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "ஆனந்தரங்கப் பிள்ளை எழுதலையா? பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார்னு வரிக்கு வரி எழுதி வெச்சிருக்காரே. அதுவும் இதே புதுச்சேரியில." வாயடைத்துப் போனேன். 1736இல் ஆரம்பித்து 1761 வரை எழுதிய மனிதர். என் ஆட்சேபணையைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான். பிள்ளைவாள் யாரையும் கடைசிப் பக்கத்தில் ஏமாற்றுவதற்காக எழுதவில்லை.

மே 16, வெள்ளி

அக்கா மகள் பத்தாம் வகுப்பு பாஸ். கணக்கில் 91. என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் மாமா, நான் குடுக்கிற புக்கை நீங்க படிக்கணும்" என்று இரண்டைக் கையில் திணித்தாள். அட்டையைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற கதை. "பாப்பா, இந்த வயசுல இதெல்லாமா?" என்றேன். "உங்க கதையில எல்லாரும் கிழவங்க" என்றாள்.

மே 21, புதன்

'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்'. லிட்டில் கில்டன் என்ற சின்ன இங்கிலாந்து ஊர். ஐந்து வருடம் முன்பு ஆண்டி என்ற பெண் காணாமல் போகிறாள். அவளைக் கொன்றது அவள் காதலன் சால் சிங்தான் என்று ஊரும் போலீஸும் முடிவு கட்டிவிட்டன. அவனும் செத்துவிட்டான். பிப் என்ற பள்ளி மாணவி, தன் புராஜெக்ட்டுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு தோண்ட ஆரம்பிக்கிறாள்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுகிறவர்கள் வீட்டுக்கே அந்தப் பெண் தனியாகப் போய்ப் பெல் அடிக்கிறாள். என் அக்கா மகள் செய்தால் காலை உடைப்பேன். கடைசி நூறு பக்கத்தில் திருப்பத்துக்கு மேல் திருப்பம், யார் எதைச் செய்தார்கள் என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இருந்தாலும் மனதில் நின்றது கொலை அல்ல. சாலின் தம்பி ரவியும் அவன் வீடும். கொலைகாரன் வீடு என்று ஊரே ஒதுக்கி வைத்த வீடு. அமெரிக்கப் பதிப்பில் கதையை கனெக்டிகட் பக்கம் மாற்றிவிட்டார்களாம். நெல்லிக்குப்பத்துக்கு மாற்றினாலும் பொருந்தும். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன் சீட்டுப் பணம் காணாமல் போனதில் அந்த வீட்டுப் பையன் பெயர் அடிபட்டது. எதுவும் நிரூபணம் ஆகவில்லை. பையன் வெளியூர் போய்விட்டான். அவன் அம்மா இன்றைக்கும் பிரஷர் மாத்திரைக்கு எங்கள் கடையைத் தாண்டி, அரை கிலோமீட்டர் நடந்து வேறு கடைக்குப் போகிறார். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடக் கதை என்று எடுத்தால் இப்படி இடிக்கிறது.

மே 25, ஞாயிறு

'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் வந்தது; உலகமே படித்து முடித்த பிறகு நான் படிக்கிறேன். பிள்ளைகளை ஒரு களத்தில் இறக்கிவிட்டு ஒருவரை ஒருவர் கொல்ல வைத்து, அதை டிவியில் காட்டும் அரசாங்கம். எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

யாரும் என்னிடம் சொல்லாதது, களத்துக்குப் போகும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிற அந்தக் குலுக்கல் கணக்கு. பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, வருடத்துக்கு ஒன்று கூடும். பட்டினி கிடக்கும் வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டு போட்டால் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதுவும் கொஞ்சம்தான். பதினாறு வயது கதாநாயகி கேட்னிஸ் பெயரில் 20 சீட்டு, அவள் நண்பன், பதினெட்டு வயது கேல் பெயரில் 42. தங்கை பிரிம் பெயரில் ஒரே ஒரு சீட்டு. அதுதான் வருகிறது.

நேற்றுக் காலைதான் ரேஷன் கடை வரிசையில் பாமாயிலுக்கு நின்றேன். கார்டில் பெயர் சேர்க்க எத்தனை அலைந்திருப்போம். அங்கே எண்ணெய்க்காகப் பெயர் கொடுத்தால் சாவுக்கும் பெயர் கொடுத்த மாதிரி. இரண்டு பத்தியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார் ஆசிரியை. களத்துச் சண்டை வந்த பிறகு வேகமாகப் புரட்டினேன். யாரைக் காதலிப்பது என்ற குழப்பத்தையும் புரட்டினேன். பாப்பாவுக்கு அதுதான் பிடிக்குமாம்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது என்கிறார்கள், புழுக்கம் குறையவில்லை. நாலாவது சண்டே மார்க்கெட் புத்தகம், கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானியக் கதை. கொலை நம் கண் முன்னாலேயே நடக்கிறது, செய்தது யார் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கதை. கொலையாளியை முதலிலேயே கொடுத்துவிட்டும் கடைசியில் என்னை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். இந்த வருடம் படித்ததில் இதற்குத்தான் முதலிடம்.

மே 31, சனி

ஐந்தாவது, மறுபடியும் அகதா கிறிஸ்டி: 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு', 1926. திறந்தால் முதல் பக்கத்திலேயே, பென்சிலில், அழுத்தி, கொலையாளியின் பெயர்! கீழே இரண்டு கோடு வேறு. எந்த மகராசன் செய்த வேலையோ. தூக்கிப் போடப் பார்த்தேன், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று படித்தேன்.

நல்லவேளை போடவில்லை. பெயர் தெரிந்து படித்தால் இது வேறு புத்தகம். சாதாரணமாகப் போகிற வாக்கியம் ஒன்று நின்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. ஒன்றில்கூடப் பொய் இல்லை, எல்லாம் சீசாவின் லேபிளில் எழுதியிருக்கிற மாதிரி வெளியிலேயே இருக்கிறது. அன்றைக்கு இது ஏமாற்று வேலை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நான் அம்மாள் கட்சி. 'சைலன்ட் பேஷன்ட்'டை இரண்டாம் முறை எடுப்பேனா? மாட்டேன். இதை நாளைக்கே எடுப்பேன்.

பாப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று ரப்பர் வைத்துப் பெயரை அழித்தேன். காகிதம் கொஞ்சம் பஞ்சு பஞ்சாக எழும்பியது, பரவாயில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். இரவு பத்து மணிக்கு போன். "மாமா, ஏழாவது சேப்டர்ல இருக்கேன். முதல் பக்கத்துல எதையோ அழிச்சிருக்கீங்க, இல்ல?"

"ஏதோ விலை எழுதியிருந்தாங்க பாப்பா."

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எழுத்து சரியாத் தெரியலை. ஆனா எத்தனை எழுத்துன்னு எண்ணிட்டேன். இப்ப கதையில வர்ற எல்லார் பேரையும் எண்ணிட்டு இருக்கேன்."