கடுக்காய்க் கறை

காட்பாடியிலிருந்து கிளம்பியவன் பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். கீழே மணல், சீமைக் கருவேலம், நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. "தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராசா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்" என்று எங்கள் வேலூரைக் கிண்டல் பண்ணுவார்கள். சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறுதான் இன்னும் வரவில்லை.

கணியம்பாடி தாண்டி அமிர்திக்குத் திரும்பியதும் காற்று மாறியது. மிருகக்காட்சி சாலையில் நிற்காமல் ஜவ்வாது மலைப் பாதையில் ஏறினேன். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. இப்போது பழைய சந்தனத்தைப் பற்றிப் பேச்சுதான் மிச்சம். செய்யாறு பிறப்பதும் இந்த மலையில்தான். கடைசியில் அதுவும் பாலாற்றில்தான் கலக்கிறது.

ஒரு வளைவில் புளிய மரத்தடியில் ஆயா ஒருத்தி கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். காய்ந்த கடுக்காயை ஒரு கல்லில் வைத்து இன்னொரு கல்லால் லேசாகத் தட்டுவார். தோல் விரியும், கொட்டை தனியே துள்ளி விழும்.

"கொட்டையை எறிஞ்சிடணும் தம்பி. இஞ்சிக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு."

ஈரம் காயாத காய் ஒன்றை நறுக்க என்னிடமிருந்த இரும்புப் பேனாக்கத்தியை நீட்டினேன். சிரித்துவிட்டு நறுக்கினார். அலகில் மை மாதிரி கறுப்பு. கைக்குட்டையால் துடைத்தேன். "இரும்பு பட்டா கறுத்துடும், போகாது" என்றார், துடைத்த பிறகு.

அந்தத் துவர்ப்புதான் ஆடு மாட்டின் பச்சைத் தோலை அழுகவிடாமல் இறுக்குவது. தோல் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன்னால் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகள் நம்பியிருந்தது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும்தான். அப்போது மட்டும் மணத்தது என்று சொல்ல வரவில்லை. நாற்றம் அப்போதும் நாற்றம்தான். ஆனால் வடாற்காட்டுத் தோல் கப்பலேறிச் சம்பாதித்த காசில் காட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கை யாரும் கணக்கில் எழுதவில்லை.

கணக்கு எழுதியது கோர்ட். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்று ஓர் ஆய்வைக் காட்டி அதில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்றது; ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது; இழப்பை அளந்து வசூலிக்க ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது. 10,000 ரூபாய்! கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன எத்தனை குடும்பம் அந்தத் தொகையைக் கேட்டுச் சிரித்திருக்கும்?

அடுத்த வருஷமே, 1997-ல், உலகத்து இயற்கை ஆண்டுக்கு நமக்குச் செய்துதரும் வேலைக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் மதிப்பு என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த வருஷத்து உலக உற்பத்தி மொத்தத்தையும்விட அது அதிகம். இவ்வளவு பெரிய எண் எனக்குப் பிடிபடுவதில்லை. ஆயா சொன்ன விலை பிடிபட்டது: ஒரு கிலோ கடுக்காய்க்கு வியாபாரி தரும் காசில் வேலூரில் இரண்டு டீ குடிக்கலாம்.

"அப்புறம் ஏன் ஆயா பொறுக்குறீங்க?"

"மரம் தருது. நான் வேணாம்னு சொல்லவா?"

கேட்ட விலைக்கு மேல் கொடுத்தேன். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கை கடுக்காயை மேலே போட்டார்.

திரும்பும்போது வேலூர் லாங்கு பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப்பொடி விலை கேட்டேன். நூறு கிராம் பாக்கெட்டுக்கு அவர் சொன்ன தொகை, ஆயாவின் ஒரு கிலோவைத் தாண்டியது. "மலைச் சரக்கு சார், சுத்தமானது" என்றார் கடைக்காரர்.

கைக்குட்டையை இரண்டு தரம் சோப்பு போட்டுக் கசக்கினேன். கறை போகவில்லை. இப்போது அது வண்டி துடைக்கிற துணி.